இருபது கிலோ நானூறு கிராம் மணல்

மகன்,

உன் தங்கச்சியின் குழியில் தங்கச்சி இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. இருபது வருடத்துக்கு முன் அவளுடைய சவப்பெட்டிக்குள் மணலைப் போட்டு, ஆணி அடித்து மூடியவன் நான். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஆறிய பிறகு மிச்சத்தை வாசி. ஆனால் கிழித்துவிடாதே. உன் மகள் எஸ்தருக்கு நீ என்ன சொல்வது என்பதும் இதற்குள்தான் இருக்கிறது.

முந்தநாள் நீ மட்டக்களப்பிலிருந்து தொலைபேசியில் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "அப்பா, பிள்ளை முன்கதவைப் பூட்ட விடுறாள் இல்ல. மாமி வந்தா தட்டத் தெரியாதாம். சாப்பாட்டு மேசையில மாமிக்கெண்டு ஒரு கோப்பை கூடுதலா வைக்கிறாள்" என்றாய். அவள் ஒரு நாளும் காணாத மாமி, உன் தங்கச்சி. அதோடு நின்றிருந்தால் சிறுபிள்ளை விளையாட்டென்று நானும் சிரித்திருப்பேன். அதன் பிறகு நீ குரலைத் தாழ்த்தி, அவள் கேட்டதைச் சொன்னாய். "மாமி எழும்பிப் போயிட்டா. அப்பம்மா மூண்டு நாளாகியும் எழும்பல்ல. அப்பம்மா கூடாதவவா அப்பா? கர்த்தருக்கு அப்பம்மாவப் பிடிக்கல்லையா?" இதற்கு என்ன பதில் சொல்வதென்று நீ என்னைக் கேட்டாய். எழுதுகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். வைத்தபின் கடையில் நிற்க முடியவில்லை. உன் அம்மா அறுபத்திரண்டு வயதில் சாகும் வரைக்கும் ஒருவருக்கும் கெடுதல் நினையாதவள். அவளைப் பற்றி ஆறு வயதுப் பிள்ளை அப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறதென்றால், அந்தப் பாவம் என் மணலால் வந்தது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று நீ என்னோடு கடையில் இருந்தாய். ஒன்பது வயது. தங்கச்சி, கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு எடுத்த சட்டையைக் காட்ட வேண்டுமென்று கடற்கரை வீதியில் இருந்த சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். அதற்குப் பிறகு அவளை யாரும் காணவில்லை. அந்தச் சிநேகிதியையும் காணவில்லை, அந்த வீட்டையும் காணவில்லை. உன் அம்மா மறுநாள் காலையிலேயே கரையோரமாக நடக்கத் தொடங்கினாள். பாண்டிருப்பிலிருந்து கல்முனைக்குடி, சாய்ந்தமருது வரைக்கும் போவாள், திரும்பி வருவாள். எங்கே துணி போர்த்தி ஒரு பிள்ளையைக் கிடத்தியிருந்தாலும் துணியை விலக்கிப் பார்ப்பாள். முஸ்லிம் ஆட்கள் தங்கள் பிள்ளைகளை வெள்ளைக் கபன் துணியில் சுற்றி வைத்திருந்த இடத்திலும் போய் நின்றாள். அவர்கள் தடுக்கவில்லை. ஒரு உம்மா தன் கையாலேயே முகத்துணியை விலக்கி, "பாருங்க புள்ள, நல்லாப் பாத்துக்கங்க" என்று சொன்னதை நான் பின்னால் நின்று கேட்டேன். ஒன்பது நாள் அப்படி. தண்ணீர் மட்டும் குடித்தாள். பத்தாம் நாள் அவள் பார்ப்பதற்கு வெளியில் ஒரு பிள்ளையும் மிச்சமிருக்கவில்லை. அப்போது புதைத்த இடங்களைக் கையால் கிளறத் தொடங்கினாள்.

நான் அரிசி வியாபாரி. சைக்கிளில் ஒரு மூடை வைத்துத் தள்ளிக்கொண்டு திரிந்து, கடை போட்டு, ஆலை வைத்தவன். ஒரு பிரச்சினை வந்தால் அதற்கு என்ன சாமான் தேவை என்றுதான் என் மூளை போகும். இவளுக்கு ஒரு பெட்டி தேவை என்று நினைத்தேன். மூடிய பெட்டி. அழுது முடிப்பதற்கு ஒரு இடம். அன்றைக்கு அது எனக்கு நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது மகன். அதை ஒளிக்கமாட்டேன்.

மீராலெப்பைக் காக்காவை உனக்குத் தெரியும், நம் கடை அலுமாரிகளைச் செய்த தச்சர், எனக்கு அண்ணன் மாதிரி. அவருடைய பட்டறையில் பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சப் பாதிக்குள் இருந்து பலகை சீவிக்கொண்டிருந்தார். சவப்பெட்டி ஒன்று வேண்டும் என்றேன். "எங்கட ஆக்களுக்குப் பெட்டி இல்லையே தம்பி. நான் இதுவரைக்கும் செய்ததும் இல்ல. அலுமாரி மாதிரித்தான் வரும், பரவாயில்லையா?" என்றார். அலுமாரி மாதிரியேதான் வந்தது. பழக்கத்தில் கதவுக்குப் போடுவது போல இரண்டு பித்தளைப் பிணைச்சல் கூடப் பூட்டிவிட்டார். பிறகு, "மய்யித்து எங்க இரிக்கி?" என்று கேட்டார். உடம்பு இல்லை என்றேன். உளியைக் கீழே வைத்தார்.

நத்தாருக்கு முதல் நாள் உங்கள் இருவரையும் கடையின் மேடைத் தராசில் ஏற்றி நிறுப்பேன், ஞாபகமிருக்கிறதா? நிறையைச் சுவரில் கரியால் எழுதுவேன். உன் நிறை கூடியிருந்தால் தங்கச்சி கோபித்துக்கொண்டு சட்டைப் பைக்குள் தராசுப் படிக்கல்லைப் போட்டுக்கொண்டு திரும்ப ஏறுவாள். அந்த வருடம் அவள் இருபது கிலோ நானூறு கிராம். எழுத்து சுவரில் அப்படியே இருந்தது. காக்கா சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் மணலை அள்ளிப் போட்டேன். முள் அந்த இலக்கத்தில் வந்து நின்றதும் காக்கா மெதுவாக ஏதோ ஓதத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். "ஆருக்கு ஓதுற எண்டு எனக்கே விளங்கல்ல தம்பி" என்றார். சாக்கைக் கட்டிப் பெட்டிக்குள் வைத்தோம். அவளுடைய றப்பர்ச் செருப்புச் சோடி வாசலில் கிடந்தது, அதையும் வைத்தேன். அது ஏன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. காக்கா ஆணி அடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "நான் வாய் திறக்கமாட்டன். ஆனா ஒரு நாளைக்கு இத நீங்களேதான் தோண்டுவீங்க. அண்டைக்கு என்னைக் கூப்பிடாதீங்க."

தூர உள்ள ஆஸ்பத்திரி ஒன்றில் அடையாளம் கண்டேன், முகம் பார்க்கும் நிலையில் இல்லை என்று வீட்டில் சொன்னேன். யாரும் குறுக்கே கேட்கவில்லை. அந்த நாட்களில் எல்லோர் வீட்டிலும் அதே கதைதான்.

இனி எழுதப் போவதுதான் உனக்காக. புதைக்கிறதுக்குச் சேமக்காலைக்குப் பெட்டியைக் கொண்டுபோகும்போது நீயும் ஒரு பக்கம் கை கொடுத்தாய். ஒழுங்கையில் திரும்புகிற இடத்தில் பெட்டி சரிந்தது. சாக்கின் கட்டு அவிழ்ந்திருக்க வேண்டும். உள்ளே சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு ஏதோ நகர்ந்து போனது போல. நீ என்னைப் பார்த்து, "அப்பா, தங்கச்சி அசையிறா" என்றாய். நான் உன் கையைப் பெட்டியிலிருந்து தட்டிவிட்டு, "வாயை மூடு" என்றேன். எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். நீ வாயை மூடினாய். பதின்மூன்று பதினான்கு வயது வரைக்கும் நீ தூக்கத்தில் எழும்பி, சுவரைக் கையால் தடவித் தடவி எதையோ திறக்கப் பார்ப்பாய். அம்மா உன்னைப் பிடித்துப் படுக்க வைப்பாள். நான் எழும்பமாட்டேன், கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். நீ என்ன கனவு கண்டாய் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. உயிரோடு புதைத்துவிட்டோம் என்று நீ நினைத்திருக்கிறாய். மகன், அது மணல். அசைந்தது மணல். நீ கேட்டது சரி, உன் காதில் பிழையில்லை. அந்தச் சத்தம் என்னையும் விடவில்லை. மூடையிலிருந்து அரிசி சரியும் சத்தமும் அதே சத்தம்தான். அதனால் தராசடிக்குப் போவதை விட்டேன், முதலாளிக்குப் பணம் வந்ததும் அங்கே வரச் சோம்பல், பஞ்சி என்று ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குழியடிக்கு அவள் போவாள், பூ வைப்பாள், ஆனால் அழுததை நான் கண்டதில்லை. சில நாள் குந்தி இருந்து உள்ளங்கையை மண்ணில் வைத்துக்கொண்டிருப்பாள், அடுப்புச் சூடு பார்ப்பது போல. போன மாதம், படுக்கையில் விழுந்த பிறகு, ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டாள். "அந்தப் பெட்டி பாரமா இருந்ததா?" என்று கேட்டாள்.

"ஓம், இருந்தது."

"எவ்வளவு?"

எனக்குள் இருந்த வியாபாரி முந்திக்கொண்டான். "இருபது கிலோ நானூறு" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

அவள் கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஒன்பது நாள் எத்தினை பிள்ளையளத் தூக்கிப் பாத்தனான். கடல் எடுத்த பிள்ளை ஒண்டும் முந்தி வீட்டில நிறுத்த நிறையில திரும்பி வரல்ல." நான் தண்ணீர் எடுக்கப் போவது போல வெளியே போய்விட்டேன். அடுத்த நாள் நீ வந்தபோது அவள் உன்னிடம் கேட்டது உனக்குத் தெரியும்: "என்னைத் தங்கச்சியோட ஒரே குழியில வைங்க."

நான் எவ்வளவு மறித்தேன் என்பதும் உனக்குத் தெரியும். ஈரம் என்றேன், மேற்கு மதிலோரம் நல்ல இடம் இருக்கிறதென்றேன், போதகரையும் பேச வைத்தேன். நீ "அம்மாட கடைசி ஆசை அப்பா" என்று நின்றாய். அவள் இருபது வருடமாகத் தெரிந்துகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாளா, கடைசி மாதத்தில்தான் கண்டுபிடித்தாளா, எனக்குத் தெரியாது. இரண்டில் எது என்றாலும், அவள் அந்த இடத்தைக் கேட்டது படுப்பதற்கு மட்டுமில்லை. என்னைக் கொண்டு தோண்டுவிக்கத்தான்.

அவளுடைய அடக்கத்தன்று காலையில் குழி வெட்டுகிறவர் இடுப்பளவுக்கு இறங்கி நின்றுகொண்டு, "முதலாளி, கீழ ஒண்டும் இல்ல" என்றதும் அங்கே என்ன நடந்ததென்று நீயும் கண்டாய். பலகை உக்கி உதிர்ந்து போயிருந்தது, பிணைச்சல் இரண்டும் பச்சை பிடித்திருந்தது. அந்தச் செருப்பு மட்டும் கழற்றி வைத்தது போலச் சோடியாக இருந்தது, நிறம் கூடப் போகவில்லை. பக்கத்தில் என் கடையின் பெயர் போட்ட நைலோன் சாக்கு. எஸ்தர் உன் கையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "மாமி செருப்பக் கழட்டி வச்சிட்டு எழும்பிப் போயிட்டா" என்றாள். புல் வெட்ட வந்த பெண்கள் முழங்காலில் விழுந்தார்கள். நீ என்னைப் பார்த்து, "அப்பா, எலும்பு?" என்றாய். "உப்பு மண், எல்லாத்தையும் தின்னும்" என்றேன். சாக்கு? "குழி மூட மண் கொண்டுவந்த சாக்கு" என்றேன். இருபது வருடப் பொய்க்கு மேல் புதுப் பொய் இரண்டு, உன் அம்மாவை இறக்க இன்னும் நாலு மணித்தியாலம் இருக்கும்போது. அந்தச் சாக்கை எடுக்க நான் விடவில்லை. அவள் இப்போது அதன் மேல்தான் கிடக்கிறாள்.

நீ போன பிறகு ஆட்கள் அங்கே வரத் தொடங்கியிருக்கிறார்கள். மெழுகுதிரி கொளுத்துகிறார்கள், ஒருவர் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிவந்து அந்த மண்ணை நெற்றியில் பூசியிருக்கிறார். பொழுது சாயும் நேரம் நான் மதிலுக்கு வெளியே நின்று பார்த்தேன். வெளிச்சங்களுக்கு நடுவில் யாரோ உள்ளங்கையை மண்ணில் வைத்துக்கொண்டு குந்தி இருந்தார்கள், முகம் தெரியவில்லை. உள்ளே போய்ப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

இப்போது பிள்ளைக்கு என்ன சொல்வது என்பதற்கு வருகிறேன். நான் போதகர் இல்லை. ஆனால் வெறும் குழி ஒன்றைச் செய்து பார்த்தவன் என்ற முறையில் ஒரு விஷயம் எனக்கு மற்றவர்களை விட நன்றாகத் தெரியும். வெறும் குழி எதற்கும் சாட்சி இல்லை. அதை யாரும் செய்யலாம். ஒரு பெட்டி, கொஞ்சம் மணல், வாயை மூடும் ஒரு சிநேகிதன் போதும். ஆகவே இயேசு எழுந்ததை எஸ்தருக்குச் சொல்லும்போது குழியில் தொடங்காதே. வேதத்தில் அவரைத் தேடிப் போன பெண்களே குழியைக் கண்டு முதலில் பயந்துதானே ஓடினார்கள்? மரியாள் வெறும் குழியைப் பார்த்து அழுதுகொண்டல்லவா நின்றாள்? அவர் வந்து அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அவளுக்கு விளங்கியது. அங்கே தொடங்கு. கரையில் நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்துக்கொண்டு, சாப்பிட வாங்கோ என்று கூப்பிட்டதைச் சொல். நம் பிள்ளைக்குக் கரையும் தெரியும், சுட்ட மீனும் தெரியும். நம்பாத சீடனிடம் காயத்தைத் தொட்டுப் பார் என்று கையை நீட்டியதைச் சொல். இந்த இடத்தில் நான் எப்போதும் தடுமாறுவேன். பொய் செய்கிறவன் மூடியை ஆணி அடித்து மூடுவான், நான் அப்படித்தான் செய்தேன். அவர் காயத்தைத் திறந்து காட்டினார்.

செத்தவர்கள் நித்திரை கொள்கிறார்கள் என்று சொல்லாதே. உனக்கு அப்படிச் சொல்லித்தான் உன் நித்திரையைக் கெடுத்தோம். செத்தது செத்ததுதான், அப்பம்மா மூச்சு விடமாட்டா, இப்போதைக்குத் திரும்பி வரமாட்டா என்று நேரே சொல். அழுதால் அழட்டும், நீயும் கூட இருந்து அழு. எழும்புவது பள்ளிக்கூடச் சோதனைப் புள்ளி மாதிரி நல்லவர்களுக்கு முதலில், கூடாதவர்களுக்குப் பிறகு என்று கொடுப்பதில்லை என்று சொல். அந்தச் சேமக்காலையில் இன்னும் ஒருவரும் எழும்பவில்லை, இயேசு ஒருவர் மட்டும்தான் எழுந்து முன்னால் போயிருக்கிறார். எங்கள் பக்கம் வயல் வெட்டுக்கு முன் முற்றின கதிரில் ஒரு பிடி கொய்து புதிரென்று வீட்டுக்குக் கொண்டுவருவார்களே, அதைக் காட்டு. ஒரு பிடிதான் வீட்டில் இருக்கும், வயல் முழுவதும் இன்னும் வெளியில்தான் நிற்கும். அந்தப் பிடி வந்துவிட்டதால் வயலும் வரும் என்று இருக்கிறோம். இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியாது. அவள் இன்னும் கேட்டால், தெரியாது என்று சொல். உனக்கு அந்தச் சொல்லை நான் ஒரு நாளும் சொல்லவில்லை. தங்கச்சி எங்கே என்று நீ கேட்ட அன்றைக்கு, தெரியாது மகன், கர்த்தருக்குத் தெரியும் என்று நான் சொல்லியிருக்கலாம். இவ்வளவும் வந்திருக்காது.

இன்று காலை போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வருகிற ஞாயிறு ஆராதனை முடிய நான் எழுந்து நின்று சபைக்குச் சொல்வேன். மீராலெப்பைக் காக்காவிடமும் போனேன். அவருக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல். "கூப்பிடாதீங்க எண்டு சொன்னன்தானே?" என்று ஏசிவிட்டு, "எத்தினை மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

திரும்பி வந்தபோது உன் மனைவியின் தொலைபேசி இலக்கத்திலிருந்து எஸ்தர் எனக்கு அழைப்பு எடுத்தாள். உனக்குத் தெரியாமல் எடுத்ததாகச் சொன்னாள், அவளை ஏசாதே.

"அப்பப்பா, மாமி உங்கட வீட்டுக்கு வந்தாவா?"

"இல்ல மனே."

"ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

"இல்ல. மாமி எங்கயெண்டு அப்பப்பாக்குத் தெரியாது."

"பெரிய ஆக்களுக்குத் தெரியாமப் போகுமா?" என்றாள். போகும் என்றேன். "அப்ப அந்தக் குழி ஏன் வெறுமையா இருந்த?" என்றாள். அது எனக்குத் தெரியும், நேரே பார்த்துத்தான் சொல்வேன், அப்பாவும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றேன். சும்மா விடுகிற பிள்ளையா அவள்? என்னையே பேரம் பேச வைத்துவிட்டாள். நீ சம்மதித்தால் பேசி முடித்தது இதுதான். முப்பத்தோராம் நாள் செபத்துக்கு நீங்கள் வரும்போது அவளைக் கடைக்குக் கூட்டிவருவாய். குழியின் கதையைச் சொல்லி முடித்த பிறகு அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் நான் ஓம், இல்லை, தெரியாது என்ற மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும், நாலாவதாக ஒன்று சொல்லக்கூடாது. இருபது வருடமாக ஒரு பிள்ளையும் ஏறாத மேடைத் தராசில் அவளை ஏற்றி, உள்ள நிறையைச் சுவரில் எழுத வேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதற்குப் பதிலாக, இன்று இரவிலிருந்து உன்னை முன்கதவைப் பூட்ட விடுவாள். மேசையில் அந்தக் கோப்பை மட்டும் முப்பத்தோராம் நாள் வரைக்கும் இருக்கும். அதை விட்டுத்தர மாட்டாளாம். சரி என்று ஒப்புக்கொண்டேன்.

அப்பா